வெயில் தேடிப் போன பட்டுச்சேலை

“வண்டியக் கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சி... சாரல் பிடிச்சிட்டு.”

சாலையோரத்து மருத மரத்தடியிலிருந்து வந்தது குரல். வண்டிக்காரர் அய்யாக்குட்டி மாட்டை இழுத்துப் பிடித்தார். கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த மூக்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நிறுத்தாதீங்க... நிறுத்தாதீங்க... என்று மனசுக்குள் கும்பிட்டாள். வண்டி நின்றுவிட்டது.

பயப்படக் காரணம் இருந்தது. அவள் உடம்பில் கிடந்தது அவள் சேலை இல்லை. அரக்குப் பட்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்து பங்களாவில் தங்கியிருக்கும் மதுரை ஆலை முதலாளியின் மகள் தெய்வானையின் சேலை அது.

திருடவில்லை. காய வைத்துக்கொண்டிருந்தாள்.

சீசன் மாதங்களில் குற்றாலத்தில் எதுவும் காயாது. நூல் துணி என்றால் கங்குச் சட்டிக்கு மேலே கூடையைக் கவிழ்த்து அதன்மேல் போடலாம். பட்டை நெருப்புப் பக்கம் கொண்டுபோக முடியுமா? அதனால் பங்களாக்காரர்களின் பட்டுச்சேலைகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றி, தென்காசியைத் தாண்டி, பாவூர்சத்திரம் பக்கம் வெயிலைத் தேடிப் போவார்கள். மூக்கம்மாளின் அம்மா வள்ளித்தாய் பல வருஷமாகப் பார்த்த வேலை. இந்த வருஷம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பத்தொன்பது வயது மூக்கம்மாள் வண்டியேறினாள்.

அனுப்பும்போது அம்மா ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தாள். “சேலை காஞ்சாலும் ஜரிகை காயாதுட்டி. அப்படியே மடிச்சியோ, சாயம் ஏறிரும். பேசாம அதை உடுத்திட்டுத் திரும்பி வரும்போது வண்டியில காத்து வர்ற பக்கமா உக்காந்துக்க. தென்காசி வர்றதுக்குள்ள காத்து ஈரத்தைக் குடிச்சிரும். வீட்டுக்கு வந்து அவுத்து மடிச்சு மூட்டையில வச்சிரு. ஆனா ஒண்ணு. உடுத்தியிருக்கும்போது எவன்கிட்டயும் வாயத் தொறக்காத.”

இதோ, எவனோ ஒருவன் வண்டிக்கு முன்னால் நிற்கிறான்.

தலையில் சாக்கு மூட்டை. முகத்தில் மழைத்துளி. இருபதைத் தாண்டியிருக்கமாட்டான். கூண்டுக்குள் எட்டிப் பார்த்தவன், பட்டைப் பார்த்ததும் பதறிப்போய் இரண்டு அடி பின்னால் போனான்.

“மன்னிச்சிருங்க தாயி. பெரிய எடத்து வண்டின்னு தெரியாமக் கேட்டுட்டேன். எலுமிச்சம்பழம்... நனைஞ்சா அழுகிரும். அதான். நா நனைஞ்சா ஒண்ணும் ஆவாது.”

தாயி... மூக்கம்மாளை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘ஏட்டி’ என்பார்கள். ‘ஏ மூக்கி’ என்பார்கள். பங்களாவில் சிலபேர் கையைத் தட்டுவதோடு சரி.

அய்யாக்குட்டி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார்.

“சின்னம்மா என்ன சொல்லுதிய? ஏத்திக்கிடலாமா?”

அட பாவி மனுஷா...

“பரவாயில்லை. ஏறிக்கொள்ளட்டும்” என்றாள் மூக்கம்மாள். தெய்வானை பேசுவதுபோல மூக்கால் பேசினாள். தனக்கு அது இத்தனை நன்றாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

அவன் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். பேர் தளவாய். சொந்த ஊர் புளியங்குடி. எலுமிச்சை மண்டியில் வேலை. பாவூர்சத்திரம் சந்தைக்குப் பழம் கொண்டுவந்து, மிச்சத்தைக் குற்றாலத்துப் பங்களாக்களில் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவான். கேட்காமலே எல்லாம் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சாலையைப் பார்த்தே சொன்னான்.

“அருவியில குளிச்சிட்டியளா தாயி?”

“தினமும்தான்.” பொய் இல்லை.

“பயமா இருக்காதா? தண்ணி அடிக்கிற அடியில நானே ஒருக்கா உக்காந்துட்டேன்.”

“கைபிடிக்க ஆள் உண்டு.”

அதுவும் பொய் இல்லை. விடிந்ததும் பங்களாப் பெண்களைக் கைபிடித்து அருவிக்குள் கூட்டிப்போவது அவளுடைய இன்னொரு வேலை. தண்ணீர் தலையில் விழுந்ததும் பெரியம்மா, தெய்வானையின் தாய், முருகா என்று அலறுவாள். முருகன் வருவதற்குள் மூக்கம்மாள் பிடித்துக்கொள்வாள். நனைவதற்காக மதுரையிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள், கரையேறியதும் நனைந்துவிட்டதே என்று கோபித்துக்கொள்வார்கள். அவளுக்குச் சிரிப்பாக வரும்.

“யாரு அந்த ஆளு?”

“மூக்கம்மாள்னு ஒருத்தி.”

அய்யாக்குட்டிக்கு இருமல் வந்துவிட்டது.

“நல்ல பிள்ளையா தாயி?”

“வாய்தான் கொஞ்சம் நீளம்... சொன்ன வேலையைச் செய்வாள். தின்கிறதும் கொஞ்சம் ஜாஸ்தி.”

அவன் சிரிக்கவில்லை. சாரல் கம்பிகம்பியாக விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு கேட்டான்.

“நீங்க கரையேறுனதும் காஞ்ச சேலை மாத்திக்கிடுவிய. அந்தப் பிள்ளைக்குக் காஞ்ச சேலை யாரு கொடுப்பா?”

யாரும் கொடுப்பதில்லை. நனைந்த சேலையோடு அவர்களைப் பங்களாவில் கொண்டுவிட்டு, நனைந்த சேலையோடு அவர்கள் துணியை அலசி, தன் சேலை உடம்பிலேயே காயும்வரை நடுங்கிக்கொண்டு நிற்பாள். அதை யாரும் கேட்டதில்லை. அம்மா கூடக் கேட்டதில்லை... அம்மாவும் அப்படி நின்றவள்தானே.

“கேக்கப்படாதோ தாயி? தப்பாச் சொல்லிட்டேனா?”

இப்போது திரும்பிப் பார்த்தான். முதன்முதலாக நேருக்கு நேர். மழை பட்டுக் கழுவிவிட்டதுபோல இருந்தன அவன் கண்கள். மூக்கம்மாள் ஜரிகையைப் பிடித்து இழுத்துத் தோளை மூடினாள்.

“தப்பு இல்லை” என்றாள். மூக்கால் பேச மறந்துபோயிருந்தாள்.

அடுத்த சந்தைக்கும் மருத மரத்தடியில் நின்றான். அன்றைக்குச் சாரல் இல்லை. பளீரென்று வெயில்.

“மழையே இல்லையேடே. எதுக்கு நிக்க?” என்றார் அய்யாக்குட்டி.

“வரும் அண்ணாச்சி.”

“எங்க வரும்? வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல.”

“வண்டியப் பாத்தா வந்திரும்.”

ஏறி உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “மூக்கம்மாளுக்குக் காஞ்ச சேலை கொடுத்தியளா தாயி?”

அவளுக்குச் சுருக்கென்றது. எதிரே பட்டில் ஜொலித்துக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள். இவன் இல்லாதவளை விசாரிக்கிறான்.

“அவள்மேல் என்ன அத்தனை அக்கறை? பார்த்ததுகூட இல்லை.”

“பாக்கணுமா? எங்க அம்மையும் நாத்து நட்ட எடத்துல ஈரத்துலயே நின்னு நின்னு செத்தவதான். நா பாத்திருக்கேன்லா.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிடலாமா... ‘அந்த மூக்கம்மாள் நான்தான்வே’ என்று. சொன்னால் சிரிப்பானா? சொன்னால் இந்தத் ‘தாயி’ போய்விடும். இந்த ‘நீங்க’ போய்விடும். வண்டியில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கொஞ்ச நேரம் போய்விடும்.

அடுத்த சந்தைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் இறங்கிப் போனதும் அய்யாக்குட்டி மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஏட்டி, உங்கம்மா சேலையக் காய வைக்கத்தான் சொன்னா. நீ என்னத்தையோ நனைக்க.”

சந்தை வருமுன் வேறொன்று வந்தது.

அன்று காலையில் தண்ணீர் சிவப்பாக வந்தது. மலையில் நல்ல மழை. அருவிக்குப் போனவர்கள் பாதியிலேயே திரும்பினார்கள். மூக்கம்மாள் கழுத்துவரை நனைந்து, ஈரத்துணிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பங்களாவின் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தாள். தெய்வானை அருவிக்கே போகவில்லை. அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டு, வராந்தாவில் முதுகைக் காட்டி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முதுகைப் பார்த்துத் தளவாய் பேசிக்கொண்டிருந்தான்.

சந்தைக்குக் காத்திராமல் புறப்பட்டு வந்து, எலுமிச்சை மூட்டையைச் சமையற்கட்டில் இறக்கிவிட்டு நிற்கிறான். கையில் வாழைச் சருகில் சுற்றிய ஒரு பொட்டலம். மழை படாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

“தாயி... வண்டியில எடம் கொடுத்தியளே, ஞாபகம் இருக்கா? மழைக்குள்ள உங்ககூட உக்காந்து வந்தேனே. இதைக் கொண்டாந்தேன். இதை நீங்க...”

தெய்வானை திரும்பினாள்.

வேறு முகம். அவன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

“யாருப்பா நீ? எந்த வண்டி?”

உள்ளேயிருந்து பெரியம்மா வந்தாள். அவளுக்கு முன்னால் கணக்குப்பிள்ளை வல்லிநாயகம் வந்தார். பொட்டலத்தைப் பிடுங்கினார். சருகு பிரிந்தது. உள்ளே ஒரு சேலை. நீலக் கட்டம் போட்ட நூல் சேலை.

கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு ஒருவன் சேலை கொண்டுவந்து நீட்டினால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள் தெய்வானைக்கு.

வல்லிநாயகம் ஓங்கி அறைந்தார்.

“எலுமிச்சம்பழம் சுமக்கிற நாயி... எங்க சின்னம்மா உன்கூட வண்டியில வந்தாங்களா?”

“இல்லய்யா... ஆள் மாறிப்போச்சு.”

“எந்த ஆளு? இந்தச் சேலையை உடுத்த இந்த வீட்டுல வேற எந்த ஆளு இருக்கா?”

தளவாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அப்போதுதான் பார்த்தான். வராந்தா ஓரத்தில், கூடையும் தலையுமாக, நனைந்து ஒட்டிய கந்தல் சேலையில் ஒரு பெண். பயந்துபோன இரண்டு கண்கள். வண்டிக்குள் பார்த்த அதே கண்கள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

கையை நீட்டினால் போதும். ‘இவள்தான்’ என்றால் அவன் தப்பிப்பான். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

“தெரியலய்யா” என்றான்.

இரண்டாவது அறை விழுந்தது. அவன் தள்ளாடினான்.

“பிள்ளை பேரைக் கெடுக்க வந்திருக்கான். போலீசுக்கு ஆள் அனுப்புங்க” என்றாள் பெரியம்மா. தெய்வானை தூணைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

வாயைத் திறக்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். திறந்தால் இந்தச் சீசனோடு எல்லாம் போச்சு. அம்மாவின் கஞ்சி போச்சு... மருந்து போச்சு... எந்தப் பங்களா வாசலையும் மிதிக்க முடியாது.

மூக்கம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

“அவரை அடிக்காதீங்க. அந்தச் சேலையை உடுத்திட்டு வண்டியில வந்தது நான்தான்.”

“ஜரிகை காயாதும்மா. உடுத்தினாத்தான் காயும். எங்க அம்மாவும் அப்படித்தான் காய வைப்பா. நான்தான் இவரை வண்டியில ஏத்தினேன். சின்னம்மா மாதிரி பேசி ஏமாத்தினேன். சின்னம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள், மகள் உடம்பில் இருந்த பட்டைப் பார்த்தாள்.

“இவ உடுத்தி அவுத்ததையா இத்தனை நாளும் நீ உடுத்தின? போ. உள்ள போய் அவுத்துப் போடு.”

கொஞ்ச நேரத்தில் அரக்குப் பட்டு சுருட்டிக்கொண்டு வந்து மூக்கம்மாளின் காலடியில் விழுந்தது.

“எடுத்துட்டுப் போ. இனி இந்தப் பக்கம் உன் தலை தெரியக்கூடாது.”

அவள் குனியவே இல்லை. பட்டு அங்கேயே கிடந்தது.

வெளிவாசலில் தளவாயைப் பிடித்தாள். நூல் சேலையைத் திரும்பச் சருகில் சுற்றிக்கொண்டிருந்தான். சரியாகச் சுற்ற வரவில்லை.

“இங்க பாருங்க... நா வேணும்னு செய்யல. அடுத்த சந்தைக்குச் சொல்லணும்னுதான்...”

“நீங்களும் அண்ணாச்சியும் சேந்து நல்லாச் சிரிச்சிருப்பிய, என்ன?”

“அய்யோ... அப்படிச் சொல்லாதீங்க.”

“சிரிச்சா பரவால்ல. அடிச்சதுகூடப் பரவால்ல.” சாலையைப் பார்த்தே பேசினான். வண்டியில் பேசியதைப்போலவே. “அப்போ ரெண்டு பேருமே இல்லையா?”

“எந்த ரெண்டு பேரு?”

அவன் மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். அவனுக்கென்று ஒரு ரோஷம் உண்டல்லவா... அது முன்னால் நடந்தது. அவன் பின்னால் போனான்.

பிறகு வந்த சந்தைக்கு மருத மரத்தடியில் யாரும் இல்லை என்று அய்யாக்குட்டி வந்து சொன்னார். அதற்கடுத்த சந்தைக்கும் இல்லை. பங்களாத் துணிகளைக் காய வைக்க வேறொருத்தி வண்டியில் போய்க்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் யார் வயலிலோ களை பிடுங்கப் போனாள். நூல் சேலையையே நினைத்துக்கொண்டு பிடுங்கினாள். பட்டு உடுத்தியவளுக்கு எதற்கு நூல் சேலை கொண்டுவந்தான்? பைத்தியக்காரன்... பட்டுக்காரிக்குக் கொடுக்க வந்தவன், கந்தல்காரியைக் கண்டதும் ஓடிவிட்டான். அவ்வளவுதான். வேறென்ன.

ஜெர்மனிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தென்காசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அய்யாக்குட்டி மாட்டை அவிழ்க்காமலே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“எலுமிச்சைக்காரன் பட்டாளத்துல சேந்துட்டான்ட்டி. ‘காக்கிச் சட்டை போட்டவனை எவனும் கை நீட்டி அடிக்கமாட்டாம்லா அண்ணாச்சி’ங்கான். பகல் ரயிலுக்குப் போறான்.”

மூக்கம்மாள் எழுந்தாள்.

வள்ளித்தாய் பாயில் கிடந்தபடியே இருமினாள். “எங்கட்டி போற? அவனை ஏமாத்தினவ எந்த மூஞ்சியோட போவ?”

“என் மூஞ்சியோடத்தான் போவேன். அதை அவரு இன்னும் சரியாப் பாக்கவே இல்ல.”

தென்காசி ஸ்டேஷனில் ஒரே கூட்டம். அழுகிற தாய்மார்கள், கட்டுச்சோற்று மூட்டைகள், அதட்டுகிற ஹவில்தார். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. எல்லாரையும் இடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு பெட்டியின் கதவோரம் நின்றிருந்தான். அவனை வழியனுப்ப யாரும் வரவில்லை.

அவளைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“நான்தான் மூக்கம்மாள்” என்றாள் அவள். மூச்சு வாங்கியது. “வாய் கொஞ்சம் நீளம். தின்கிறதும் கொஞ்சம் ஜாஸ்தி. அது ரெண்டும் பொய் இல்ல. மத்ததெல்லாம் பொய். உங்க ‘தாயி’க்கு ஆசப்பட்டுச் சொன்ன பொய். அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். இன்னொண்ணும் சொல்ல வந்தேன்...”

சொல்ல வந்தது வரவில்லை. நீளமான வாய் அன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டது.

“அன்னைக்கு ரெண்டு பேருன்னீங்களே... யாரு அது?”

அவன் சட்டைக்குள் கையை விட்டான். வாழைச் சருகுப் பொட்டலத்தை எடுத்தான்.

“வண்டியில ஒரு தாயி வந்தாங்க. அவங்க கண்ணைப் பாத்து எனக்குத் தூக்கம் போச்சு. ஆனா அவங்க எங்க, நா எங்க... அதான் அவங்களை விட்டுட்டேன். அவங்க சொன்ன பிள்ளையப் பிடிச்சுக்கிட்டேன். ஈரத்துல நிக்கிற பிள்ளை. முகம் தெரியாது. நெனச்சு நெனச்சு ஒரு முகம் வச்சிருந்தேன். ‘இதை நீங்க மூக்கம்மாகிட்ட கொடுத்திருங்க தாயி’ன்னு சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடிச்சிட்டாங்க.”

மூக்கம்மாள் அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள்.

“அப்புறம் ரெண்டும் ஒருத்திதான்னு தெரிஞ்சதும்... ரெண்டு பேருமா சேந்து என்னைக் கேலி பண்ணுன மாதிரி இருந்துச்சு. கோவத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். போட்ட பொறவுதான் உறைச்சுது. எனக்காக வேலையையே விட்டது யாருன்னு.” அவன் குரல் இறங்கியது. “இப்போ அழிக்க முடியாதாம்.”

எஞ்சின் ஊதியது. ஹவில்தார் ஏதோ கத்தினார்.

பொட்டலத்தை அவள் கையில் வைத்தான். சருகு சூடாக இருந்தது. அவன் உடம்புச் சூடு.

“காஞ்ச சேலைதான். ஒரு துளி படாமக் கொண்டாந்திருக்கேன். நேரா உங்கிட்டயே கொடுக்கணும்னு நெனச்சேன்... நீ வருவியோ மாட்டியோன்னு இருந்துச்சு. சேலை கொடுக்கதுன்னா என்னன்னு தெரியும்லா?”

“தெரியும்.”

“வாங்கிக்கிடுதியா?”

“வாங்கிட்டேன்லா” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “நீங்க திரும்பி வந்த அன்னைக்கு உடுத்துதேன்.”

ரயில் நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள்.

“வரலைன்னா?” என்றான் அவன்.

“வருவீங்க.”

“வரலைன்னாலும் உடுத்தணும். பெட்டியில வச்சுப் பூட்டக் கூடாது. ஈரத்துல நிக்கப்படாது. கேட்டியா... ஏட்டி, கேட்டியா?”

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கூப்பிட்ட அந்தச் சொல். அவன் வாயிலிருந்து வரும்போது, ‘தாயி’யெல்லாம் எந்த மூலைக்கு...

“கேட்டுட்டு” என்றாள். அவன் காதில் விழுந்ததோ இல்லையோ.

ரயில் கிழக்கே போயிற்று. பாவூர்சத்திரம் பக்கம் வானம் வெளுத்து, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி அந்த வெளிச்சத்துக்குள் போய்ச் சின்னதாகிக் கரைந்தது. இங்கே சாரல் வலுத்தது. கூட்டம் கூரைக்கு அடியில் ஓடியது.

மூக்கம்மாள் ஓடவில்லை. பொட்டலத்தை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு குனிந்தாள். முதுகை மழைக்குக் கொடுத்தாள். தலை நனைந்தது, முதுகு நனைந்தது, முகமும் நனைந்துதான் இருந்தது. சேலை மட்டும் நனையவில்லை.